தண்ணீருக்குப் பக்கத்தில் போட்ட எழுத்து

எனக்கு யாரையும் நம்ப வராது. பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால், எதற்கு நகர்ந்தார் என்று ராபர்ட்சன்பேட்டை வரும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன். என்னைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் ஆளுக்கொரு குறை கண்டுபிடித்தேன். மூன்றாவது ஆளிடம் நான் கண்ட குறை, அவரிடம் ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான். அப்படியே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

இது வீட்டிலிருந்து வந்த வியாதி. அப்பா சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மேலே வந்ததும், தங்கத்தை எங்கேயாவது ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். வாயைத் திற, முடியை உதறு, சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டு. அப்பா ஒரு பொட்டுத் தங்கம்கூட எடுத்ததில்லை. ஆனாலும் இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியைப் பார்த்தால், அவன் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார். கேட்டில் அவரைத் தடவிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் எங்களைத் தடவிப் பார்த்தார். பென்சில் எங்கிருந்து வந்தது, மிட்டாய் யார் கொடுத்தது? "சும்மா ஒருத்தன் இன்னாத்துக்கு குடுப்பான்?" என்பார். எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள் இருந்திருக்கிறது, இந்தக் கேள்வி இல்லாத நாள் இருந்ததில்லை.

சுரங்கத்தை மூடிச் சில வருஷம் கழித்து, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பி.யூ. காலேஜில் எனக்கு வேலை கிடைத்தது. கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர். பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகள் உடைத்தது போக மிச்சமிருக்கும் டெஸ்ட் ட்யூபுகளைக் கழுவ வேண்டும். ஆசிட் பாட்டில்களை நிரப்ப வேண்டும். கரும்பலகையைத் துடைக்க வேண்டும். சாயங்காலம் போகும்போது கேட்டில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். எப்போதோ லேபிலிருந்து ஏதோ காணாமல் போனதாம், அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். லெக்சரர்களுக்கும் லேப் அசிஸ்டெண்டுக்கும் இந்தச் சோதனை கிடையாது. அட்டெண்டர்களுக்கு மட்டும்தான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "டப்பாவையும் கவுக்க சொல்றானா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் லேபில் இரண்டு அட்டெண்டர்கள், நானும் அவளும். அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். ஃபாக்டரி காலனியில் பிறந்து வளர்ந்தவள். நாங்களெல்லாம் பாட்டன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து மண் தோண்ட வந்தவர்கள். அவர்கள் பிற்பாடு பெரிய இன்ஜினியரிங் ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்த குடும்பம். நாங்கள் 'இன்னா' என்போம், அவள் 'என்ன' என்பாள். எனக்குப் பாதி சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

போன வருஷம் எங்கள் லேப் அசிஸ்டெண்ட் ரிடையர் ஆனார். அந்த இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவரைப் போடுவார்கள் என்று மேனேஜ்மென்டிலிருந்து தாள் வந்தது. கெமிஸ்ட்ரி மேடம் இருபத்தைந்து மார்க்குக்கு ஒரு பரீட்சை வைப்பார். ஜெயித்தவர் இங்கேயே லேப் அசிஸ்டெண்ட். தோற்றவர் இதே மேனேஜ்மென்ட் பெங்களூரில் நடத்தும் காலேஜுக்குப் போக வேண்டும்.

பெங்களூர் வேலை என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதி ஊர் விடிவதற்குள் ரயிலேறிப் போய், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வருகிறது. நான் அப்படிப் போக முடியாது. அப்பாவின் நெஞ்சு முழுக்கச் சுரங்கத்துத் தூசி. மத்தியானம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை மெஷினைப் போட்டுவிட்டுத்தான் நான் லேபுக்குத் திரும்புகிறேன். அது இல்லாத நாள் அவருக்கு மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிடும். சுரங்க ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறு யாராவது மாஸ்க் வைத்தால் அப்பா வைத்துக்கொள்ள மாட்டார். அதில் என்ன கலந்திருக்கிறதோ என்பார். அதனால் எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு வழி இல்லை.

அவளுக்கும் வேண்டியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே பெங்களூர் ரயிலில் போய் வருகிறவர். மூன்றாவது படிக்கிற பெண் குழந்தை ஒன்று. அவளும் போய்விட்டால் குழந்தை ஸ்கூல் விட்டு வந்து, கழுத்தில் மாட்டிய சாவியால் கதவைத் திறந்துகொண்டு, ராத்திரிவரை தனியாக இருக்க வேண்டும்.

தாள் வந்த மறுநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, சேர்ந்தே படிக்கலாமா? நான் பி.யூ.வுல சயின்ஸ்தான் எடுத்தேன், கொஞ்சம் ஞாபகம் இருக்கு. உங்களுக்கு லேப் வேலை எனக்கு மேல தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன்."

எனக்கு மூக்கில் வியர்த்தது. ஒரே வேலை, இரண்டு பேர். எதிராளிக்கு எவளாவது பாடம் சொல்லிக்கொடுப்பாளா? சும்மா ஒருத்தி எதற்குக் கொடுப்பாள்? ஆனால் எனக்குச் சமன்பாடு எழுதத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் படித்ததெல்லாம் எப்போதோ போய்விட்டது. அதனால், "சரிம்மா, பாக்கலாம்" என்றேன். என்ன செய்கிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தினமும் நான்கு மணிக்கு வகுப்புகள் விட்டதும், ஜன்னல் ஓர பெஞ்சில் இரண்டு பேரும் உட்காருவோம். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் சயனைடு மேடு தெரியும். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்களே, அது. காற்றடித்தால் ஜன்னல் பலகையில் மாவு மாதிரி படியும். அதைத் துடைத்துவிட்டுத்தான் அவள் நோட்டை வைப்பாள்.

சமன்பாட்டைச் சரிக்கட்டுவதை அவள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை. அதில் எனக்குச் சந்தேகமில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தகராறு வந்தது அதற்குப் பிறகுதான்.

"இப்போ ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்துப் போடணும். அது என்ன நிலைமையில இருக்குன்னு காட்டுறதுக்கு. திடமா இருந்தா எஸ். திரவம்னா எல். வாயுன்னா ஜி. தண்ணியில கரைஞ்சிருந்தா ஏக்யூ. மேடம் இதுல ரொம்பக் கறார். ஒண்ணு தப்பினா அரை மார்க் போயிடும்."

பல வருஷமாக அந்தக் கரும்பலகையைத் துடைக்கிறேன். அந்தக் குட்டி எழுத்துகளையும் சேர்த்துத்தான் துடைத்திருப்பேன். ஒரு நாளும் படித்ததில்லை.

முதல் மூன்றும் புரிந்தன. மார்பிள் துண்டு எஸ். நுரைத்துக்கொண்டு வரும் காற்று ஜி. சுலபம்தான். நான் அவளைச் சீண்டிப் பார்க்க நினைத்தேன்.

"அப்ப எங்கப்பா நெஞ்சுல கீற தூசி? அது காத்துலதானே போச்சு. ஜி போடலாமா?"

அவள் சிரிக்கவில்லை. மேட்டைப் பார்த்தாள். "இல்லக்கா. காத்துல பறந்தாலும் அது கல்லுதான். எஸ்தான். அதனாலதான் உள்ள போய் அப்படியே உட்கார்ந்துக்குது" என்றாள். பிறகு மெல்ல, "இப்போ எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

யாராவது என் அப்பாவைப் பற்றி அந்தக் குரலில் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. அடுத்த நொடியே, இதை எதற்குக் கேட்கிறாள், அப்பா எத்தனை நாள் தாங்குவார் என்று கணக்குப் போடுகிறாளா என்றும் தோன்றியது. "கீறாரு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

பிறகு ஆசிட்டுக்கு வந்தோம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு அவள் ஏக்யூ போட்டாள்.

"இது இன்னா? ஆசிட்டு தண்ணியாட்டம்தானே ஊத்துது. எல் போடு."

"இல்லக்கா. அது உண்மையில வாயு. அதைத் தண்ணியில கரைச்சுத்தான் பாட்டில்ல அடைச்சிருக்காங்க. மூடியைத் திறந்தா புகை வருதே, அதான் அது."

எத்தனை வருஷமாக அந்தப் பாட்டிலைத் தூக்குகிறவள் நான். அதற்குள் இருப்பது காற்றாம்! "அப்ப இந்த சல்ஃபூரிக் ஆசிட்டு?" என்று அலமாரியில் பக்கத்து பாட்டிலைக் காட்டினேன்.

"அடர் ஆசிட்னா அது எல்தான்கா. தண்ணி சேர்த்து டைல்யூட் பண்ணினா ஏக்யூ."

ஒரே அலமாரி, ஒரே தட்டு, ஒரே கறுப்பு மூடி. ஒன்று எல், இன்னொன்று ஏக்யூ. கேட்கிறவள் கேனச்சி என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டாள். அப்படியா என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

மேடத்திடம் கேட்டிருக்கலாம். ஆனால் இதுகூடத் தெரியாதவளுக்கு அசிஸ்டெண்ட் வேலை ஒரு கேடா என்று அவர் நினைத்துவிட்டால்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் பழைய பேப்பர் கடைக்குப் போய், அட்டை கிழிந்த ஒரு கெமிஸ்ட்ரி புத்தகத்தை வாங்கி வந்தேன். ராத்திரிச் சமையலை முடித்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சமன்பாடுகள் இருந்தன. அடைப்புக்குறி எழுத்து ஒன்றுகூட இல்லை. ஏதோ பழங்காலத்துப் புத்தகம், அதில் அந்த வழக்கம் இல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அவள் எனக்காகவே இதையெல்லாம் உண்டாக்கியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

"இன்னாம்மா அப்படி பாக்குற?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

"கூட வேலை பாக்குறவ பாடம் சொல்லிக் குடுக்குறாப்பா. அது மெய்யா பொய்யான்னு பாக்குறேன்."

"அவளும் அந்த வேலைக்குத்தானே நிக்கிறா?"

"ஆமா."

"சும்மா இன்னாத்துக்கு குடுக்குறா?" என்றார் அப்பா. இருமல் வந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் தன் நோட்டையே என்னிடம் கொடுத்தாள். "ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்கக்கா. நான் மனப்பாடமா வச்சிருக்கேன்" என்றாள். ரோஸ் கலர் அட்டை போட்ட நோட்டு. அட்டையில் அவள் பெண் ஒரு பூனையை வரைந்திருந்தது. உள்ளே, பரீட்சைக்கு வரும் என்று அவள் எதிர்பார்த்த சமன்பாடுகள் எல்லாம் மணி மணியாக எழுதியிருந்தன. ஆசிட்டும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் என்ற இடத்தில் வந்து நின்றேன். ஆசிட்டுக்கு ஏக்யூ, காரத்துக்கு ஏக்யூ, உப்புக்கு ஏக்யூ. தண்ணீருக்கும் ஏக்யூ.

தண்ணீருக்கா?

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனால் தண்ணீர் தெரியும். லேபுக்குத் தேவையான டிஸ்டில்ட் வாட்டரைக் காய்ச்சி இறக்குவது என் வேலை. அதில் எதுவும் கரைந்திருக்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு பாடு. தண்ணீர் எப்படித் தண்ணீரில் கரையும்? அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தண்ணீர் வந்த இடத்திலெல்லாம் ஏக்யூதான்.

மறுநாள் எனக்குச் சாட்சியும் கிடைத்தது. மேடம் வகுப்பு முடித்துவிட்டு அவசரமாகப் பலகையைத் தாமே துடைத்துவிட்டுப் போயிருந்தார். வலது ஓரத்தில் மட்டும் கை எட்டவில்லை. அங்கே எச் டூ ஓ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எல் போட்டிருந்தது. நான் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். பிறகு சுத்தமாகத் துடைத்தேன்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேண்டுமென்றே நோட்டில் தப்பாக எழுதி என் கையில் கொடுத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்து எழுதி மார்க்கைக் கோட்டை விட வேண்டும், அதுதான் திட்டம். அப்படியென்றால் ஆசிட்டுக்கு அவள் சொன்ன ஏக்யூவும் பொய்தான். பரீட்சையில் தண்ணீருக்கும் எல், ஆசிட்டுக்கும் எல் என்று முடிவு கட்டினேன். அவளுக்குச் சரியான பதில் தெரியும், அவள் அதைத்தான் எழுதுவாள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டிக்கொண்டால் வேறு வழியில் என் தலையில் மிளகாய் அரைப்பாள். அதனால் வாயைத் திறக்கக் கூடாது.

பரீட்சை அன்று காலை, நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் தலைக்குக் குளித்து ஈரம் சொட்டச் சொட்ட வந்திருந்தாள். நெற்றியில் விபூதி.

"அக்கா, நோட்டு முழுக்கப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"தப்பு ஏதாவது கண்ணுல பட்டுதா? நீங்க ரொம்ப உன்னிப்பா பார்ப்பீங்க, அதான் கேக்குறேன். இருந்தா இப்பவே சொல்லிடுங்க, திருத்திக்கிறேன்."

தூண்டிலை விழுங்கிவிட்டேனா என்று நூலை இழுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"எல்லாம் சரியா கீதும்மா. ஒரு தப்பும் இல்ல."

"அப்பாடா" என்றாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

லேபிலேயே பரீட்சை. அவள் முன் பெஞ்சில், நான் இரண்டு பெஞ்ச் தள்ளிப் பின்னால். மேடம் மேஜையில் உட்கார்ந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார். முதல் கேள்வியே ஆசிட்டும் காரமும். ஆசிட்டுக்கு எல் போட்டேன், தண்ணீருக்கு எல் போட்டேன்.

மூன்றாவது கேள்வி: மார்பிள் துண்டுகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றினால் நடப்பதைச் சமன்பாடாக எழுதி, நிலைக் குறியீடுகளையும் இடுக. நீர்த்த என்ற சொல்லில் என் பேனா நின்றது.

அந்த ஆசிட்டை நீர்க்க வைப்பவள் நானல்லவா. பெரிய ஜாடியில் முக்கால் பங்கு தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். ஜாடி லேசாகச் சூடேறும். கண்ணாடிக் குச்சியால் கலக்கிவிட்டுப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் நிற்கும். வருஷக்கணக்காக என் கையாலேயே தண்ணீரில் கரைத்துவிட்டு, இது தண்ணீரில் கரைந்தது இல்லை என்று எழுதப் போகிறேன்.

ஜன்னல் வழியே மேடு தெரிந்தது. மழை நின்ற பிறகு அந்த மேட்டுக்குக் கீழே பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். எங்கள் ஊர்க் குழாயில் வருவதைவிடத் தெளிவாக இருக்கும், அடியில் மணல் தெரியும். அதில் வாய் வைத்த ஆடு திரும்பி வராது. பார்ப்பதற்குத் தண்ணீர், ஆனால் தண்ணீர் இல்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று கரைந்திருக்கிறது என்று நடக்கத் தெரிந்த நாளிலேயே எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஏக்யூ என்றால் அவ்வளவுதான். எனக்கு எப்போதோ தெரிந்த ஒன்றைத்தான் அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதுவும் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அப்போதுதான் மற்றதும் உறைத்தது. ஆசிட்டைப் பற்றி அவள் சொன்னது உண்மை என்றால், நோட்டில் தண்ணீருக்குப் போட்டது சூழ்ச்சி இல்லை. அது அவள் அறியாமல் செய்த பிழை. காலையில் அவள் கேட்டது தூண்டில் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

முன் பெஞ்சில் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஈரத் தலைமுடி முதுகை நனைத்திருந்தது. பேனா நிற்காமல் ஓடியது. அவள் இந்நேரம் தண்ணீருக்கு என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து சொல்ல முடியாது, பரீட்சை. ஒரு முறை இருமினேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். அவள் திரும்பவில்லை. நான் மூன்றாவது கேள்வியில் ஆசிட்டுக்கு ஏக்யூ போட்டேன். முதல் கேள்விக்குப் போய், அங்கே ஆசிட்டுக்குப் போட்டிருந்த 'எல்' எழுத்தை அடித்துவிட்டு ஏக்யூ எழுதினேன். அவள் சொல்லிக்கொடுத்ததை வைத்து என் மார்க்கைக் காப்பாற்றிக்கொண்டேன். அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எனக்குப் பத்தொன்பதரை. அவளுக்குப் பத்தொன்பது.

அப்பாவிடம் சொன்னபோது மாஸ்க்கைக் கழற்றி, "மெய்யாவா? தாளைப் பாத்தியா? முத்திரை கீதா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அம்மா போனபோதுதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அன்றைக்கு மத்தியானம் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசி நாள் சாயங்காலம் அவள் லேபில் என்னிடம் வந்தாள். கையில் திருத்திய விடைத்தாள், மேடத்திடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். சிரித்தாள், ஆனால் கண் சிவந்திருந்தது.

"பாருங்கக்கா, என் முட்டாள்தனத்தை. தண்ணிக்கு ஏக்யூ போட்டிருக்கேன். ரெண்டு இடத்துல. ரெண்டு அரை மார்க். தண்ணின்னாலே ஏதாவது கரைஞ்சிருக்கும்னு மண்டையில பதிஞ்சு போச்சு. நம்ம ஊர் போர் தண்ணி குடத்துல வெள்ளை வெள்ளையா அப்புதே. அதைக் குடிச்சு வளர்ந்தவளுக்கு வேற என்ன தோணும்?"

நான் கூட்டிப் பார்த்தேன். அவளும் கூட்டிப் பார்த்திருப்பாள். அந்த இரண்டு அரை வந்திருந்தால் அவளுக்கு இருபது.

"நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன், போய்ப் பார்த்தேன்" என்றாள். பிறகு கேட்டாள். "உங்க கண்ணுல அது படலையாக்கா?"

இந்த முறை எனக்கு அவள் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். பரீட்சை அன்று காலையில் சொன்ன பொய்க்கு ஒரு காரணம் இருந்தது, முட்டாள்தனமான காரணம்தான் என்றாலும். இப்போது ஒன்றும் இல்லை. அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. சுத்தமாகத் துடைத்த பலகை இருந்தது.

"படலம்மா" என்றேன்.

"அதானே. பட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க" என்றாள்.

சும்மாதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து முதல் ரயில் என்றாள். குழந்தைக்குச் சாவியை மாட்ட ஒரு கயிறு வாங்க வேண்டும், பளிச்சென்று தெரிகிற கலரில் என்றாள். போகும்போது பையிலிருந்து அந்த ரோஸ் நோட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"வச்சுக்குங்கக்கா. இனிமே பசங்க உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க. தண்ணி இருக்கிற இடத்துல எல்லாம் திருத்திட்டேன்."

அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஏக்யூவை ஒரு கோட்டால் அடித்து, மேலே சிவப்பு மையில் எல் என்று எழுதியிருந்தாள். ஓர் இடம்கூட விடவில்லை. நோட்டை என் பையில் வைத்துக்கொண்டு, லேபைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கு வந்தேன்.

வழக்கம்போலப் பையின் ஜிப்பைத் திறந்து நீட்டினேன். கேட்டில் நிற்பவன் பங்காரப்பேட்டைப் பக்கத்துப் பையன், கன்னடக்காரன். அவன் பைக்குள் பார்க்கவில்லை. பின்னால் ஒரு அடி நகர்ந்து நின்றான்.

"நீவு ஹோகி மேடம், போங்க" என்றான். "லேப் அசிஸ்டெண்டுக்கு செக்கிங் இல்ல."

நேற்றுவரை என்னை அவன் மேடம் என்று கூப்பிட்டதில்லை. நான் நகரவில்லை. என் கைகள் இரண்டும் மேலே போயிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு கையில் பை திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரோஸ் அட்டையில் அந்தப் பூனை தெரிந்தது.

"இன்னைக்காவது பாருப்பா" என்றேன்.

அவன் நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். கேட்டை அகலமாகத் திறந்துவிட்டான்.